பனிக்கட்டி மீன்பிடிப்புக்கான அனைத்துத்தரை ஊர்தித் துணைக்கருவிகள்

பனிக்கட்டி மீன்பிடிப்புக்கான அனைத்துத்தரை ஊர்தித் துணைக்கருவிகள் என்பவை, குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மீது அனைத்துத்தரை ஊர்தியை ஓட்டிச் சென்று, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்போர் பயன்படுத்தும் உடைகள், கருவிகள், ஊர்தியில் பொருத்தப்படும் உறுப்புகள் ஆகியவற்றைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், வடக்கு டகோட்டா ஆகிய மாநிலங்களிலும், கனடாவின் ஒன்டாரியோ, மானிட்டோபா ஆகிய மாகாணங்களிலும் இவ்வகை மீன்பிடிப்பு பரவலாக நடைபெறுகின்றது. இக்கருவிகளுட் பெரும்பாலானவை வசதிக்காக அன்றி, ஏரியின் நடுவில் ஏற்படக்கூடிய குறிப்பிட்ட ஆபத்து ஒன்றுக்கு விடையாகவே உருவானவை. பனிக்கட்டி உடைதல், கடுங்குளிர், வழி தவறுதல், ஊர்தி சிக்கிக்கொள்ளுதல், நச்சு வளிமம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை.

பின்னணி

அனைத்துத்தரை ஊர்தி என்பது அகன்ற, காற்றழுத்தம் குறைந்த சக்கரங்களையும், மோட்டார் சைக்கிளில் உள்ளது போல் இருபுறமும் கால்களைப் போட்டு அமரும் இருக்கையையும், கைப்பிடித் திசைமாற்றியையும் கொண்ட சிறு ஊர்தியாகும். ஆங்கிலப் பெயரின் சுருக்கமான ஏ.டி.வி. என்பதே மக்கள் வழக்கில் உள்ளது. ஓண்டா நிறுவனம் 1970 இல் மூன்று சக்கர ஊர்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1980களின் தொடக்கத்தில் சுசுக்கி நிறுவனம் நான்கு சக்கர ஊர்தியை அறிமுகப்படுத்தியது. எளிதில் கவிழ்ந்து பலரைக் காயப்படுத்திய மூன்று சக்கர வகையின் விற்பனை, அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 1988 இல் ஐக்கிய அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. எனவே இன்று ஏரிகளில் காணப்படுபவை பெரும்பாலும் நான்கு சக்கர ஊர்திகளே.

பழைய முறையில் மீன்பிடிப்போர் ஒரு துளையை இட்டு, அதனருகிலேயே நாள் முழுவதும் காத்திருப்பது வழக்கம். 1980களில் மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் கென்ஸ் இம்முறைக்கு மாறாக, பல துளைகளை இட்டு மீன் உள்ள இடத்தைத் தேடிச் செல்லும் முறையைப் பரப்பினார். சறுக்குவண்டியின் மீதே மடித்து விரிக்கக்கூடிய சிறு கூடாரத்தையும் அவர் உருவாக்கினார். மின்கலத்தால் இயங்கும் கையடக்கச் சோனார் கருவிகளும் இம்முறைக்குத் துணை நின்றன. மீனைத் தேடி ஏரி முழுவதும் அலைய வேண்டும் என்றானபின் ஊர்தி தேவைப்பட்டது. ஸ்னோமொபைல் எனப்படும் பனியுந்து ஆழமான பனியில் சிறந்தது. ஆனால் பனி குறைந்த வழுவழுப்பான பனிக்கட்டியில் அதன் இயந்திரமும் சறுக்குப் பட்டைகளும் சூடேறிப் பழுதடையும். அனைத்துத்தரை ஊர்திக்கு அக்குறை இல்லை. கோடையில் தோட்ட வேலைக்கும் வேட்டைக்கும் அதுவே உதவும் என்பதும் பலர் அதனைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமாகும்.

பனிக்கட்டியின் தாங்குதிறன்

துணைக்கருவிகளைப் பற்றி அறியுமுன் அவை எதன் மீது நிற்கின்றன என்பதை அறிதல் தேவை. நீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தி உடையதாக இருப்பதால், அதனினும் குளிர்ந்த நீர் மேலே தங்கி, ஏரி மேலிருந்து கீழ்நோக்கி உறைகின்றது. இவ்வாறு உருவாகும் பனிக்கட்டித் தகடு நீரின் மீது மிதந்தபடி, தன் மீது வைக்கப்படும் பாரத்துக்கு ஏற்பச் சிறிது வளைந்து கொடுக்கின்றது.

மினசோட்டா இயற்கை வளத்துறையின் வழிகாட்டலின்படி, ஒருவர் நடந்து செல்லப் புதிய, தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் (ஏறத்தாழ 10 செ.மீ.) தடிப்புடன் இருத்தல் வேண்டும். பனியுந்துக்கும் சிறிய அனைத்துத்தரை ஊர்திக்கும் 5 முதல் 7 அங்குலம் (13 முதல் 18 செ.மீ.) தேவை. பனி கலந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டி தெளிந்த பனிக்கட்டியின் பாதி வலிமையே உடையதாகக் கொள்ளப்படுவதால், அங்கு இவ்வளவுகளை இருமடங்காக்க வேண்டும்.

கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த லோர்ன் கோல்ட், பனிக்கட்டியின் தாங்குதிறன் அதன் தடிப்பின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அமையும் என்னும் எளிய சூத்திரத்தை முன்வைத்தார். தடிப்பு இருமடங்கானால் தாங்குதிறன் நான்கு மடங்காகும். பாதுகாப்பான கணிப்பில், செ.மீ. அளவிலான தடிப்பின் வர்க்கத்தை 3.5 ஆல் பெருக்கினால் தாங்கக்கூடிய எடை கிலோகிராமில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 300 கிலோகிராம் எடையுள்ள ஊர்தி, தடித்த உடையணிந்த 100 கிலோகிராம் எடையுள்ள ஓட்டுநர், கூடாரமும் துளைப்பானும் எரிபொருளும் ஏற்றிய 100 கிலோகிராம் எடையுள்ள சறுக்குவண்டி ஆகியவற்றின் மொத்த எடை 500 கிலோகிராம். 10 செ.மீ. பனிக்கட்டிக்குச் சூத்திரம் தரும் விடை 350 கிலோகிராம். 13 செ.மீ. பனிக்கட்டிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 590 கிலோகிராம். மூன்று செ.மீ. வேறுபாடு கரை சேர்வதையும் மூழ்குவதையும் முடிவு செய்கின்றது. ஊர்தியில் சேர்க்கப்படும் ஒவ்வொரு துணைக்கருவியும் இக்கணக்கில் சேர்கின்றது என்பதை வாங்குவோர் பலர் நினைப்பதில்லை.

தடிப்பு ஏரி முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆறு வந்து சேரும் இடம், ஊற்று உள்ள இடம், நாணல் அடர்ந்த பகுதி, பாலத்தின் அடி, அழுத்தத்தால் பனிக்கட்டி உயர்ந்து வெடித்த முகடுகள் ஆகிய இடங்களில் அது வெகுவாகக் குறையும். ஆகவே மிக மலிவான கருவி ஒன்றே முதலிடம் பெறுகின்றது. அது பனிக்கட்டியைக் குத்திப் பார்ப்பதற்கான நீண்ட உளிமுனைக் கடப்பாரை. பருவத்தின் தொடக்கத்தில் ஓட்டுநர் ஊர்தியைக் கரையில் விட்டு, கடப்பாரையால் குத்தியபடி நடந்து சென்று, இடையிடையே துளையிட்டு அளவுகோலால் தடிப்பை அளந்த பின்னரே ஊர்தியைக் கொண்டு செல்வார். ஓங்கிக் குத்திய ஒரே குத்தில் கடப்பாரை ஊடுருவிச் செல்லுமாயின் திரும்பிவிடுவது முறையாகும்.

உயிர்காப்புக் கருவிகள்

குளிர்நீரில் விழுந்தவரின் நிலையை மானிட்டோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்னும் வாய்பாட்டால் விளக்குகின்றார். முதல் ஒரு நிமிடம் கட்டுப்பாடற்ற மூச்சிரைப்பை அடக்குவதற்கு உரியது. அடுத்த பத்து நிமிடங்களே கை கால்கள் பயனுள்ளவாறு இயங்கும் காலம். உடல் வெப்பம் குறைந்து நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். நீரில் விழுந்தவர் சில நிமிடங்களில் உறைந்து இறந்துவிடுவார் என்னும் பரவலான நம்பிக்கை தவறானது. பலர் இறப்பது குளிரால் அன்று. முதல் நிமிடத்தில் நீரை மூச்சாக இழுப்பதாலும், பின்னர் கைகள் செயலிழந்து மிதக்க இயலாமற் போவதாலுமே இறப்பு நேர்கின்றது. கீழ்க்காணும் கருவிகள் அந்த ஒரு நிமிடத்தையும் பத்து நிமிடத்தையும் கருத்திற் கொண்டவை.

மிதவை உடை என்பது உள்ளே மிதக்கும் நுரைப்பொருள் வைத்துத் தைக்கப்பட்ட மேற்சட்டையும் காற்சட்டையும் ஆகும். அணிந்தவரின் தலையை நீருக்கு மேல் வைத்திருப்பதால் முதல் நிமிடத்தைக் கடக்க உதவுகின்றது. இது இல்லாதவர்கள் குளிருடையின் மேல் சாதாரண உயிர்காப்பு மேற்சட்டையை அணிகின்றனர். மூடிய மகிழுந்தில் உயிர்காப்பு மேற்சட்டை அணிவது அறிவுறுத்தப்படுவதில்லை. நீர் நிரம்பும் அறையின் கூரையோடு அது ஆளை ஒட்டவைத்து வெளியேற விடாது தடுக்கும். திறந்த அமைப்புடைய அனைத்துத்தரை ஊர்தியில் அத்தடை இல்லை என்பதால் எப்போதும் அணியலாம்.

பனிக்குத்திகள் என்பவை கூரிய எஃகு முனையுடைய இரு சிறு கைப்பிடிகள். அவை கயிற்றால் இணைக்கப்பட்டுக் கழுத்திலிருந்து மார்பின் மீது தொங்கும். நனைந்த பனிக்கட்டியின் விளிம்பைக் கைவிரலாற் பற்ற இயலாது. விழுந்தவர் தான் வந்த திசையை நோக்கித் திரும்பி, கால்களை உதைத்து உடலைக் கிடைமட்டமாக்கி, குத்திகளை மாறி மாறி ஊன்றி மேலேறுவார். வந்த திசையில் உள்ள பனிக்கட்டி அவரைச் சற்றுமுன் தாங்கியது என்பதே அத்திசையைத் தேர்வதற்குக் காரணம். ஏறியவுடன் எழுந்து நிற்காமல், எடை பரவுமாறு உருண்டு செல்ல வேண்டும். குத்திகளைச் சறுக்குவண்டியிலோ ஊர்தியின் பெட்டியிலோ வைப்பது பயனற்றது, ஏனெனில் அவை ஊர்தியோடு மூழ்கிவிடும்.

மற்றவரைக் காப்பதற்குப் பையில் அடைத்த எறிகயிறு பயன்படுகின்றது. 15 முதல் 20 மீட்டர் வரை நீளமுள்ள மிதக்கும் கயிறு இதற்கு ஏற்றது. மாற்றுடை ஒரு தொகுதியை நீர்புகாப் பையில் எடுத்துச் செல்வதும், சீழ்க்கை ஒன்றை உடையிற் கட்டிக்கொள்வதும் வழக்கம்.

ஓட்டுநரின் உடை

நடந்து செல்பவருக்குப் போதுமான உடை ஊர்தி ஓட்டுபவருக்குப் போதாது. ஓடும் வேகமே காற்றாகிக் குளிரைக் கூட்டுகின்றது. உடலை ஒட்டிய உடை பருத்தியாக இருத்தல் ஆகாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருப்பதால் பருத்தி உடல் வெப்பத்தை இழக்கச் செய்யும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் தடித்த இடையாடை, அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத மேலாடை என மூன்று அடுக்குகளாக அணிவது முறை.

தலைக்கவசத்தின் முகமறைப்பில் மூச்சு படிந்து உறைவது பெருந்தொல்லை. இரட்டைக் கண்ணாடி கொண்ட முகமறைப்பு, மூச்சைக் கீழ்நோக்கித் திருப்பும் முகமூடி, ஊர்தியின் மின்சாரத்தால் சூடேற்றப்படும் கண்ணாடி ஆகியன இதற்குத் தீர்வாக உள்ளன. மினசோட்டாவில் 18 வயதுக்கு உட்பட்டோருக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். மற்றவருக்கும் பனிக்கட்டி பாறை போன்ற கடினத் தளமே.

இவ்வகை ஊர்தியின் முடுக்கி பெருவிரலால் அழுத்தப்படுவது. இதனால் வலக்கைப் பெருவிரல் ஓயாது வெளியே நீண்டிருந்து முதலில் உறைகின்றது. பெருவிரல் படும் நெம்பிலும் கைப்பிடிகளிலும் சூடேற்றிகளைப் பொருத்துவதும், கைப்பிடிகளைச் சுற்றிப் பெரிய உறைகளைக் கட்டுவதும் இதனாலேயே. உறைக்குள் மெல்லிய கையுறையே போதுமாதலால், இறங்கியவுடன் தூண்டிலைக் கையாள்வது எளிது. காலணியின் அடியில் மாட்டும் ஆணிப்பட்டைகள் வழுக்கி விழுவதைத் தடுக்கும்.

சக்கரங்களும் தொடர்பட்டைகளும்

அனைத்துத்தரை ஊர்தியின் சாதாரணச் சக்கரங்கள் பனி படர்ந்த தளத்தில் ஓரளவு பிடிக்கும். காற்று துடைத்த வெறும் பனிக்கட்டியில் அவை வேகத்தைக் குறைக்கவோ திருப்பவோ விடுவதில்லை. சக்கரத்தின் தடித்த ரப்பர் முண்டுகளில் கார்பைடு முனையுள்ள திருகாணிகளைப் பதிப்பது பரவலான முறை. சக்கரத்தின் காற்று வெளியேறாதபடி முண்டின் உயரத்தைவிடக் குறைந்த நீளமுள்ள ஆணியைத் தேர்தல் வேண்டும். சக்கரச் சங்கிலி இழுவிசையை மிகுவிக்கும், ஆயினும் வேகமாக ஓட்ட ஏற்றதன்று. முன்சக்கரங்களுக்கும் ஆணியோ சங்கிலியோ இல்லையெனில், ஊர்தி முன்னேறுமே தவிரத் திரும்பாது.

ஆழமான பனிக்கு நான்கு சக்கரங்களையும் கழற்றிவிட்டு முக்கோண வடிவ ரப்பர் தொடர்பட்டைகளைப் பொருத்துவதுண்டு. பனியின் மேல் எடையைப் பரப்பி மிதந்து செல்ல இவை உதவுகின்றன. இங்கு ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கின்றது. எடை பரவுவதால் மெல்லிய பனிக்கட்டியிலும் செல்லலாம் எனச் சிலர் கருதுகின்றனர். பனிக்கட்டித் தகடு வளைவது சக்கரத்தின் அடியில் மட்டுமன்று, பல மீட்டர் பரப்பில். எனவே தகட்டைப் பொறுத்தவரை முக்கியமானது மொத்த எடையே. தொடர்பட்டைகள் அந்த எடையைக் கணிசமாகக் கூட்டுகின்றன.

வின்ச்

ஊர்தியின் முன்புறம் பொருத்தப்படும் மின் வின்ச், சிக்கிய ஊர்தியை வடத்தால் இழுத்து மீட்கும். ஏரியில் ஊர்தி சிக்குவது பெரும்பாலும் பனிச்சேற்றில்தான். மேலே பொழிந்த பனியின் எடையால் பனிக்கட்டித் தகடு அமிழும்போது, வெடிப்புகள் வழியாக நீர் மேலேறிப் பனியின் அடியில் தேங்குகின்றது. மேலிருந்து பார்ப்பவருக்கு இது தெரிவதில்லை. சக்கரம் அதில் இறங்கியபின் ஒருமணிநேரம் தாமதித்தாலும் ஊர்தியோடு சேர்ந்து உறையத் தொடங்கும்.

காட்டில் வடத்தைக் கட்ட மரம் கிடைக்கும், ஏரியின் நடுவில் ஏதுமில்லை. அதனால் அனுபவம் உள்ளோர் ஓர் எளிய முறையைக் கையாள்கின்றனர். தொலைவில் ஒரு துளையிட்டு, நடுவிற் கயிறு கட்டிய உறுதியான மரத்துண்டை அதன் வழியே செங்குத்தாக இறக்குவர். கயிற்றை இழுக்கும்போது மரத்துண்டு பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் குறுக்காகப் படிந்து நங்கூரமாகிவிடும். வின்ச் வடம் அக்கயிற்றோடு இணைக்கப்படும். எஃகு வடத்தைவிடச் செயற்கை இழை வடம் எடை குறைந்தது. ஆனால் நனைந்தபின் உறைந்து விறைக்கும் என்பதால் உலர்த்திச் சுற்றிவைக்க வேண்டும்.

சறுக்குவண்டியும் துளைப்பானும்

கூடாரம், சூடாக்கி, தூண்டில்கள், பிடித்த மீன் ஆகியவற்றை இழுத்துச் செல்ல வார்ப்பு நெகிழியாலான சறுக்குவண்டி பயன்படுகின்றது. இதைக் கயிற்றால் கட்டி இழுத்தல் ஆபத்தானது. ஊர்தி நிற்கும்போது சறுக்குவண்டி நில்லாமல் வந்து பின்சக்கரத்தில் மோதும், சரிவில் முந்திச் செல்லவும் கூடும். உறுதியான இழுகோல் இதனைத் தடுக்கின்றது.

பனித்துளைப்பான் என்பது சுருள் வடிவ அலகுடைய கருவி. 6, 8, 10 அங்குல விட்டமுள்ளவை வழக்கில் உள்ளன. பெட்ரோலால் இயங்கியவற்றின் இடத்தை அண்மைக் காலங்களில் மின்கலத் துளைப்பான்கள் பெருமளவு பிடித்துள்ளன. ஊர்தியின் சரக்குச் சட்டத்தில் இதற்கெனத் தாங்கி பொருத்தப்படும். அலகின் முனை சவரக்கத்தி போன்று கூரியது ஆதலால் உறையிட்டே கொண்டு செல்லப்பட வேண்டும்.

வழியறிதலும் தொடர்பும்

மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியிலோ, கனடாவுடன் எல்லையைப் பகிரும் லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரியிலோ நடுப்பகுதியில் நிற்பவருக்குக் கரை தெரியாத நேரங்கள் உண்டு. காற்றோடு பனி எழும்போது வானும் தரையும் ஒரே வெண்மையாகித் திசை அறிய இயலாது போகும். புவியிடங்காட்டியின் முதன்மைப் பயன் மீன் உள்ள இடத்தைக் குறிப்பதன்று. பாதுகாப்பாக வந்த அதே தடத்தில் திரும்பிச் செல்வதே அதன் பயன். கடுங்குளிரில் மின்கலங்கள் விரைந்து வலுவிழப்பதால், செல்பேசி உட்சட்டைப் பையில் உடற்சூட்டில் வைக்கப்படும். மின்கலம் வேண்டாத சாதாரணத் திசைகாட்டியும் உடன் இருக்கும். ஊர்தியின் பின்புறம் உயர்ந்த கோலில் செந்நிறக் கொடி கட்டுவது, பனிமேட்டின் மறுபுறம் வரும் பனியுந்துகளுக்கு எச்சரிக்கையாக அமையும்.

காற்று திசைமாறிப் பனிக்கட்டியைக் கரையிலிருந்து பிரித்த நிகழ்வுகள் பல உண்டு. 2009 பிப்ரவரியில் ஈரி ஏரியின் ஒகையோக் கரையிலிருந்து பெரும் பனிக்கட்டித் தகடு ஒன்று பிரிந்து சென்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். சிலர் தம் அனைத்துத்தரை ஊர்திகளில் கிழக்குத் திசையிற் சென்று, பிளவுபடாத பகுதி வழியாகத் தாமே கரையேறினர். 2023 டிசம்பர் இறுதியில் மினசோட்டாவின் அப்பர் ரெட் ஏரியிலும் இவ்வாறே நூற்றுக்கும் மேற்பட்டோர் பிரிந்த தகட்டிலிருந்து மீட்கப்பட்டனர். புறப்படுமுன் காற்றின் திசையை அறிதலும், செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிச் செல்லுதலும் கருவிப் பட்டியலில் இடம்பெறாதவை எனினும் செலவற்றவை.

ஊர்தியின் பராமரிப்பு

குளிருக்கு ஏற்ற இளகிய எந்திர எண்ணெய், முழு மின்னேற்றம் பெற்ற மின்கலம், எரிபொருளில் நீர் உறையாமல் தடுக்கும் சேர்பொருள் ஆகியன அடிப்படைத் தேவைகள். நனைந்த தடுப்புகள் நிறுத்திய இடத்திலேயே உறைந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். இதனால் நிறுத்தும் முன் சிறிது தூரம் மெல்லத் தடுப்பை அழுத்தியவாறு ஓட்டி உலர்த்துவர். இரவு தங்குவோர் சக்கரங்களின் அடியில் மரப்பலகை வைக்கின்றனர். ஒரு நீண்ட கயிறு, தீப்பொறிச் செருகி, கைவிளக்கு, மண்வாரி ஆகியன சிறு பெட்டியில் இடம்பெறும்.

கூடாரமும் சூடாக்கியும்

கூடாரத்தினுள் புரோப்பேன் சூடாக்கி எரிக்கப்படுவதால், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு தேங்கும் ஆபத்து உண்டு. மின்கல எச்சரிக்கைக் கருவி ஒன்றும், மேலும் கீழும் திறந்த காற்றுவழிகளும் இன்றியமையாதவை. ஊர்தியின் எந்திரத்தைக் கூடாரத்தின் அருகில் ஓடவிடுதல் கூடாது. புகைபோக்கியின் வளிமம் காற்றோடு உள்ளே புகும்.

ஓட்டும் முறையும் நிறுத்தும் முறையும்

பனிக்கட்டியின் மீது ஓடும் ஊர்தி அதன் அடியில் உள்ள நீரில் அலையை எழுப்புகின்றது. ஆழம் குறைந்த கரையோரத்தில் அவ்வலை திரும்பி வந்து, ஊர்தியின் அழுத்தத்தோடு சேர்ந்து பனிக்கட்டியை உடைக்கக்கூடும். ஆகவே கரையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, நேராக அன்றிச் சாய்வாக அணுகுகின்றனர். குழுவாகச் செல்வோர் ஊர்திகளுக்கிடையே இடைவெளி விட்டு ஓட்டுகின்றனர்.

நின்றுகொண்டிருக்கும் பாரத்தின் அடியில் பனிக்கட்டி மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே இருக்கும். மகிழுந்துகளை ஒன்றுக்கொன்று 50 அடி இடைவெளியில் நிறுத்தி, இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுமாறு மினசோட்டா இயற்கை வளத்துறை அறிவுறுத்துகின்றது. நிறுத்திய ஊர்தியின் அருகில் ஒரு துளையிட்டு வைப்பது எளிய சோதனையாகும். துளையிலிருந்து நீர் வழிந்து மேலே பரவத் தொடங்கினால் தகடு அமிழ்கின்றது என்பது பொருள். அப்போது ஊர்தியை உடனே நகர்த்த வேண்டும்.

மூழ்கிய ஊர்தியின் எரிபொருளும் எண்ணெயும் நீரை மாசுபடுத்துவதால், மினசோட்டாவில் உரிமையாளர் அதனை 30 நாட்களுக்குள் வெளியே எடுத்தல் வேண்டும். அதற்கெனக் குளிர்நீர் முக்குளிப்பாளரும் பளுதூக்கியும் தேவைப்படுவதால், மீட்புச் செலவு பழைய ஊர்தியின் விலையையே மிஞ்சுவதுண்டு.